அகப்பை மாமா பதில்கள்: ஓடுகிற வீட்டில் உலை

மோட்டார் ஹோமில் அமெரிக்காவைச் சுற்றப் போகிறவர்கள், சுற்றி வந்தவர்கள், போகாமலே பொறாமைப்படுகிறவர்கள் என்று மூன்று கட்சியும் இம்முறை சமையல் பற்றியே கேட்டிருக்கிறார்கள். மாமா அகப்பையோடு தயார்.

● மோட்டார் ஹோம் வாடகைக்கு எடுத்தால் வழியெல்லாம் ஆரோக்கியமாகச் சாப்பிடலாம் என்கிறார்களே, நிஜமா?
– புது மாப்பிள்ளை, டாலஸ்

வீட்டிலும்தான் சமையலறை இருக்கிறது. அதில் என்ன நடக்கிறது? நேற்றைய பீட்சா மைக்ரோவேவில் சுற்றுகிறது. வண்டிக்கு ஒரே ஒரு அனுகூலம்: யெல்லோஸ்டோன் காட்டுக்குள் பீட்சா பையன் வரமாட்டான். ஆரோக்கியத்தில் பாதி அங்கேயே வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு நீங்கள் வெங்காயம் நறுக்க வேண்டும்.

● காட்டுக்குப் போவதே எளிமையாக இருக்கத்தான். என் மருமகள் வண்டி நிறையப் பாத்திரம் ஏற்றுகிறாள். இது நியாயமா?
– மாமியார், எடிசன், நியூஜெர்சி

உங்கள் ஊருக்குப் பெயர் தந்த தாமஸ் எடிசனைக் கேளுங்கள். அவரும் கார் அதிபர் ஹென்றி ஃபோர்டும் டயர் அதிபர் ஃபயர்ஸ்டோனும் இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸும் 1915-க்கும் 1924-க்கும் இடையில் பல கோடைகளில் காடு மேடெல்லாம் முகாம் போட்டார்கள். ‘நாடோடிகள்’ என்று தங்களுக்குத் தாங்களே பட்டம். பின்னால் வந்ததோ தனிச் சமையல் வண்டி, அடுப்பு, ஐஸ் பெட்டி, சமையல்காரர், 20 பேர் உட்காரும் வட்ட மேசை, அதன் நடுவில் பதார்த்தங்களோடு சுழலும் தட்டு!

உங்கள் மருமகள் ஓர் இட்லிக் கொப்பரைதானே எடுத்தாள்? விட்டுவிடுங்கள்.

● இட்லி மாவை வண்டியிலேயே புளிக்க வைப்பேன் என்றேன். கணவர் சிரிக்கிறார்.
– வாசகி, ஃப்ரீமான்ட்

அவர் கௌபாய் படம் பார்ப்பவர் என்றால் சிரிக்க உரிமை இல்லை. 1866-ல் சார்லஸ் குட்நைட் என்ற டெக்சாஸ் பண்ணைக்காரர், ராணுவம் கழித்துவிட்ட வண்டியில் அலமாரியும் இழுப்பறையும் பூட்டி, மாட்டு மந்தையோடு கூடவே போகும் சமையலறை ஆக்கினார். அந்த வண்டிச் சமையல்காரர்கள் கண்ணின் மணியாகக் காத்தது துப்பாக்கியை அல்ல, புளித்த மாவுப் பீப்பாயை. குளிர் இரவுகளில் அதைத் தங்கள் படுக்கைக்குள் வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

உங்களுக்கு விதி இரண்டு. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு கூடாது. மூடியைத் திருகி இறுக்கக் கூடாது. மாவு 25, 30 டிகிரி வெப்பம் கேட்கும். குளிரென்றால் கம்பளி சுற்றுங்கள். யாருடைய கம்பளி என்பது உங்கள் குடும்ப விவகாரம்.

● யெல்லோஸ்டோனில் துவரம்பருப்பு வேகவே இல்லை. மனைவி அடுப்பைத் திட்டுகிறாள். நான் பருப்பைத் திட்டுகிறேன். யார் சரி?
– சாம்பார் இல்லாமல் திரும்பியவர், சான் ஹோசே

அடுப்பும் நிரபராதி, பருப்பும் நிரபராதி. குற்றவாளி மலை. அங்கே ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்று ஒரு வெந்நீர் ஊற்று பீய்ச்சி அடிக்குமே, பார்த்திருப்பீர்கள். அது இருக்கும் உயரமும் நம் ஊட்டியின் உயரமும் ஒன்றே: சுமார் 2,240 மீட்டர். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு கேஸ் எரித்தாலும் அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறாது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து, பிரஷர் குக்கர். அதே மலையிலும் உள்ளே 115 டிகிரியைத் தொட்டுவிடும். 1679-லேயே டெனி பாப்பின் அதைக் கண்டுபிடித்துவிட்டார். நீங்கள்தான் கனம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

● இங்கே படப்பிடிப்புத் தளங்களில் கேரவன் நிற்கிறதே, அதில் ஏதாவது வேகுமா?
– சினிமா ரசிகர், வடபழனி

தயாரிப்பாளர்.

● வண்டியைச் சரிவில் நிறுத்தினால் ஃபிரிட்ஜ் வேலை செய்யாது என்கிறாரே வாடகைக்காரர். நம்மை ஏமாற்றுகிறாரா?
– சந்தேகப் பிராணி, ஆஸ்டின்

அவர் சொல்வது சத்தியம். கேஸிலும் ஓடும் அந்தப் பழைய பாணி ஃபிரிட்ஜில் கம்பிரஸர் கிடையாது. உள்ளே அம்மோனியா, சூட்டால் ஆவியாகி மேலேறி, குளிர்ந்து, தன் எடையாலேயே கீழே வழிந்து வர வேண்டும். வண்டி சாய்ந்தால் வழிய வேண்டியது வழியாது. 1922-ல் ஸ்டாக்ஹோம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், வான் பிளாட்டென், முன்டெர்ஸ், செய்த வேலை இது. கம்பிரஸர் இல்லாத ஃபிரிட்ஜுக்கு ஐன்ஸ்டைன்கூட சக விஞ்ஞானி சிலார்டோடு சேர்ந்து வேறொரு வழி கண்டு, 1930-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஃபிரிட்ஜ் சொன்னால் நம்புங்கள். கூடம் நிஜமாகவே கோணல்.

இன்னொன்று. இந்த வகை ஃபிரிட்ஜ் குளிர ஓர் இரவு ஆகும். காலையில் புறப்பட வேண்டுமென்றால் முந்தைய நாளே போட்டுவிடுங்கள். தயிரைச் சூடாக வைத்துவிட்டு ஃபிரிட்ஜைத் திட்டக் கூடாது.

● ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி வண்டியில் முனகுகிறது.
– சட்னிப் பிரியை, ராலே

அது 230 வோல்ட்டில் பிறந்து வளர்ந்த ஜீவன். இங்கே கிடைப்பது 120. பாதிச் சம்பளத்துக்கு முழு வேலை யார் செய்வார்? அமெரிக்க மின்சாரத்துக்கென்றே மிக்சி விற்கிறார்கள், வாங்குங்கள். அதுவரை பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும்.

● ஏ.சி., மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் போட்டால் மின்சாரம் போய்விடுகிறது. முகாம்காரரிடம் சண்டை போடலாமா?
– கோபக்காரர், சிகாகோ

முதலில் பெருக்கல். 30 ஆம்பியர் இணைப்பு, 120 வோல்ட். ஆக 3,600 வாட். ஏ.சி. சுமார் 1,500 கேட்கும், மைக்ரோவேவ் 1,500, இண்டக்‌ஷன் 1,800. கூட்டினால் 4,800. சண்டை போட வேண்டியது உங்கள் கணக்கு வாத்தியாரிடம்.

● பான்ஃப் மலையில் காலையில் எழுந்து காபி போட, கையடக்க பியூட்டேன் அடுப்பைப் பற்றவைத்தால் பற்றவே இல்லை. டப்பா நிறைய கேஸ் இருக்கிறது.
– காபி இல்லாமல் உயிர் தரிக்காதவர், கால்கரி

இருக்கிறது, ஆனால் எழுந்திருக்கவில்லை. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே திரவமாகிவிடும். திரவம் எரிய முதலில் ஆவியாக வேண்டும். வண்டியோடு வரும் புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர்ப் பிரதேசத்தில் காபிக்கு அதைக் கேளுங்கள். டப்பாவை நெருப்பில் காட்டிச் சூடேற்றும் யோசனை யாராவது சொன்னால், அவரோடு பயணம் போகாதீர்கள்.

● கேஸ் கசிவைக் காட்டும் கருவியைத் தரை ஓரமாக வைத்திருக்கிறார்கள். காலில் இடிக்கிறது. மேலே மாற்றிவிடலாமா?
– கைவேலைக்காரர், டொராண்டோ

கை வைக்காதீர்கள். புகை மேலே போகும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கீழேதான் தேங்கும். கருவிக்கு மூக்கு இருக்க வேண்டிய இடம் அதுதான்.

கேஸுக்காவது நாற்றம் சேர்த்து விற்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருகிறது என்று அடுப்பை எரியவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. சமைக்கும்போது கூரைத் திறப்பு திறந்தே இருக்கட்டும். இந்த ஒரு பதிலில் மாமாவுக்கு ஜோக் வராது.

● கூட்டமாக வடநாட்டு யாத்திரை போகிறோம். ரயிலில் ஒரு சின்ன சிலிண்டர் கொண்டுபோனால் என்ன?
– யாத்திரைக் குழு, கும்பகோணம்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டிக்குள் இப்படித்தான் ஒரு சிலிண்டர் இருந்தது. தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். சட்டப்படியும் குற்றம். பஸ்ஸில் போங்கள், சமையல்காரரைக் கூட்டிப் போங்கள், சத்திரத்திலோ மண்டபத்திலோ இறங்கி அடுப்பு மூட்டுங்கள். ரயிலென்றால் கட்டுச்சோறு.

● கட்டுச்சோறு என்றதும் ஞாபகம். புளியோதரை மட்டும் ஏன் கெடுவதில்லை?
– பெருமாள் கோயில் வரிசையிலிருந்து, ஸ்ரீரங்கம்

புளியில் டார்டாரிக் அமிலம். கூட உப்பு. புளிக்காய்ச்சல் சுண்டச் சுண்ட நீர் வற்றிவிடுகிறது. மேலே நல்லெண்ணெய், அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காத எண்ணெய். கிருமிக்குக் குடியிருக்க இடமே இல்லை. நம் பாட்டி நுண்ணுயிரியல் படிக்கவில்லை, கிருமியைப் பட்டினி போட மட்டும் தெரிந்துவைத்திருந்தாள்.

மோட்டார் ஹோம்காரர்களுக்கு மாமாவின் யோசனை: சோற்றோடு கலந்து எடுத்துப் போகாதீர்கள். புளிக்காய்ச்சலாகப் பாட்டிலில் எடுங்கள். சோறு அன்றன்றைக்கு வடியட்டும்.

● தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடுகிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

தயிரில் பிசைகிறீர்கள், அதனால். பாலில் குழையப் பிசைந்து, உறைக்கு ஒரு கரண்டி தயிர் விடுங்கள். மதியத்துக்குள் அது தானே தயிர்சாதம் ஆகிக்கொள்ளும். மாதுளை போடுவது உங்கள் இஷ்டம். திராட்சை போட்டால் மாமா பேசமாட்டார்.

● மதியச் சோறு மிஞ்சியதை ராத்திரி நன்றாகச் சூடு பண்ணினால் தோஷம் போய்விடாதா?
– சிக்கனம், ஹூஸ்டன்

போகாது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து, சோறு வேகும்போதும் சாகாது. வெளியே கிடக்கும் சோற்றில் அது முளைத்து விஷம் கக்கும். வாந்தி எடுக்கவைக்கும் அந்த விஷத்தைக் கொதிக்கவைத்தும் அழிக்க முடியாது. சமைத்தது வெளியே இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரே மணி நேரம். பிறகு ஃபிரிட்ஜ், இல்லாவிட்டால் குப்பை. அரிசியில் மிச்சம் பிடித்து ஆஸ்பத்திரியில் கட்டாதீர்கள். ஹூஸ்டன் ஆஸ்பத்திரி பில் தெரியுமல்லவா?

● யோசெமிட்டி போகிறோம். கரடி வருமாமே? எங்களிடம் சைவச் சாப்பாடுதான்.
– பயந்த சுபாவம், சாக்ரமென்டோ

கரடியும் பெரும்பாலும் சைவம்தான், அதுதான் ஆபத்து. அங்கே கரடிகள் கார்க் கதவைக் காகிதமாகப் பிய்த்துவிட்டு உள்ளே போயிருக்கின்றன. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசையும் சோப்பும்கூட அதற்கு வாசனைப் பண்டம். சாதாரணக் காரில் இரவு எதையும் விடக் கூடாது. முகாமில் இரும்புப் பெட்டி தருவார்கள், அதில் பூட்டுங்கள். தகரச் சுவர் கொண்ட மோட்டார் ஹோம் என்றால் உள்ளே வைக்கலாம்; கதவு, ஜன்னல், கூரைத் திறப்பு எல்லாம் சாத்தியிருக்க வேண்டும், பண்டம் வெளியிலிருந்து தெரியக் கூடாது.

பெருங்காய டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் வையுங்கள். கரடிக்காக அல்ல, கூட வருகிறவர்களுக்காக.

● அரிசோனாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கறிவேப்பிலைத் தொட்டியோடு போகலாமா? பிள்ளையைப் போல வளர்த்தேன்.
– வாசகி, ஃபீனிக்ஸ்

பிள்ளையைக் கூட்டிப் போகலாம், செடியை வேண்டாம். கலிஃபோர்னியா எல்லையிலேயே விவசாயச் சோதனைச் சாவடி இருக்கிறது. பழம், செடி எல்லாம் கேட்பார்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக்கு உறவுக்காரி, ஒரே குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைச் சுமக்கும் ஒரு பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். 2005-ல் அந்த நோய் ஃபுளோரிடாவில் தென்பட்டது. அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் அடியோடு சரிந்தது. ஓர் இணுக்குக்காக ஒரு தோப்பை எரிக்காதீர்கள். பொடி பண்ணி எடுத்துப் போங்கள்.

● நியூ மெக்சிகோ வழியாகப் போகிறோம். எத்தனை கிலோ மிளகாய் எடுத்துக்கொள்ளலாம்?
– காரசாரம், அட்லாண்டா

திருநெல்வேலிக்கே அல்வாவா? மிளகாய்க்குத் தாய்வீடே அமெரிக்கக் கண்டம்தான். அந்த மாநிலத்தில் ஹேட்ச் என்று ஓர் ஊர். ஆகஸ்ட், செப்டம்பரில் தெருவெல்லாம் பச்சை மிளகாய் சுட்டு விற்பார்கள். அந்த மாநிலத்துக்கு அதிகாரபூர்வமான கேள்வியே ஒன்று உண்டு: “சிவப்பா, பச்சையா?” மிளகாயைத்தான் கேட்கிறார்கள். நீங்கள் உப்பும் புளியும் மட்டும் கொண்டுபோங்கள்.

● கீரை இல்லாமல் என் கணவருக்குச் சோறு இறங்காது. நெடுஞ்சாலையில் கீரைக்கு எங்கே போவேன்?
– அம்மணி, கோவையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர்

மெக்சிகோக்காரர் கடைக்குப் போங்க அம்மணி. ‘வெர்தொலாகாஸ்’ என்று ஒரு கட்டு வைத்திருப்பார்கள். அது வேறொன்றுமில்லை, நம் பருப்புக்கீரை. கொத்தமல்லி, பச்சை மிளகாய், பயறு வகை எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஒரு நாளைக்கு 400 கிராம் காயும் பழமும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கை அதில் சேர்க்கவில்லை என்பதைக் கணவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

● மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் ராஜ்மாவைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டினால், இறங்கும்போது வெந்திருக்குமே?
– சோம்பேறி என்று மனைவி சொல்கிறார், சியாட்டில்

இறங்கும்போது நீங்கள் கழிப்பறை தேடுவீர்கள். பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நஞ்சு ஒன்று உண்டு. ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் தளதளவென்று அரை மணி கொதித்தால்தான் அது அழியும். அந்தப் பானை பல நேரம் அந்தச் சூட்டை எட்டாது; அரைகுறையாக வெந்தது பச்சையைவிடப் பொல்லாதது. வண்டி நிற்கும்போது குக்கரில் போடுங்கள், அல்லது வெந்தே வரும் டின் வாங்கித் தண்ணீரில் அலசுங்கள். அலசினால் டின்னிலுள்ள உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சோம்பேறிகளுக்கும் கடவுள் வழி வைத்திருக்கிறார்.

● அவசரத்துக்கு நூடுல்ஸ்?
– பேச்சிலர், பாஸ்டன்

அவசரம் தினமும் மூன்று வேளை வருகிறதா?

● மதியம் சாப்பிட்டதும் ஸ்டீரிங்கில் தூக்கம் வருகிறது. சோற்றை நிறுத்தச் சொல்கிறாள் மகள்.
– ஓட்டுநர் அப்பா, மெல்போர்ன்

சோற்றின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். சாப்பிடாமல் இருந்தாலும் பிற்பகல் இரண்டுக்கு மேல் உடம்பு ஒரு முறை தாழும். உள்ளிருக்கும் கடிகாரம் அப்படி. வயிறு முட்டச் சாப்பிட்டால் இன்னும் தாழும். மதியம் சுண்டல், மோர், ஒரு வெள்ளரிக்காய். சோற்றை வண்டி நின்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கண் சொருகினால் பின்னால் படுக்கை இருக்கிறதே! படுக்கையை இழுத்துக்கொண்டு ஓட்டுகிறவர் தூக்கத்தோடு ஏன் போராட வேண்டும்?

● எனக்குச் சர்க்கரை. வழியெல்லாம் கேழ்வரகுக் கூழ் குடித்தால் போதுமா?
– சித்தப்பா, சேலம்

கேழ்வரகில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். ஆனால் அதுவும் மாவுச்சத்துதான் சித்தப்பா. கூழாக்கினால் சரசரவென்று ரத்தத்தில் ஏறும். அளவாகக் குடியுங்கள், கூட முளைகட்டிய பயறு வையுங்கள். ஊறவைத்த பயற்றை ஈரத்துணியில் கட்டி வண்டிக் கொக்கியில் மாட்டினால் மறுநாள் முளைத்திருக்கும். உங்கள் வயதுக்குப் பச்சையாக வேண்டாம், ஆவி காட்டித் தாளியுங்கள். சாப்பிட்டதும் பத்து நிமிடம் வண்டியைச் சுற்றி நடங்கள். வண்டி ஓடினால் உங்கள் கணக்கில் நடை சேராது.

● கடுகு தாளித்தாலே புகை அலாரம் அலறுகிறது.
– காது கேளாமல் போனவர், டெட்ராய்ட்

அலாரத்தின் பாட்டரியைக் கழற்றியவர்கள் யாரும் இதைப் படிக்கவில்லை என்று நம்புகிறேன். தாளிப்பை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு மேசை, ஒற்றை அடுப்பு. வண்டிக்குள் தாளித்த வாசனை திரைச்சீலையில் ஏறிக்கொண்டு இறங்காது. திருப்பிக் கொடுக்கும்போது சுத்தம் செய்ய என்று ஒரு பில் வரும். ரசம் நீங்கள் வைத்தது, விலை அவர்கள் வைத்தது.

● தண்ணீர்த் தொட்டி இரண்டே நாளில் காலி. என்ன தந்திரம்?
– நீர் மேலாண்மை, சான் டியாகோ

பல வண்டிகளில் நூறிலிருந்து இருநூறு லிட்டர்தான். நம் வீட்டில் ஒரு பாத்திரம் கழுவும் நேரத்துக் குழாய்! தட்டை முதலில் காகிதத்தால் வழித்துத் துடைத்து, பிறகு கழுவுங்கள். தையல் இலை கிடைத்தால் கழுவவே வேண்டாம். அரிசி கழுவிய நீரில் புளி கரையுங்கள். குழம்பு மிச்சத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள். கீழே கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது, மூன்றாம் நாள் அது உங்கள் குழம்பை உங்களுக்கே நினைவூட்டும்.

● வண்டியில் சமைப்பது யார் பொறுப்பு?
– பெயர் வேண்டாம், வீட்டில் பத்திரிகை வருகிறது

ஓட்டாதவர் சமைக்கட்டும், ஓட்டுகிறவர் பாத்திரம் தேய்க்கட்டும். இந்த விதியைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் சமைக்கத் துடிக்கிறார்கள், ஓட்ட ஆளில்லை.

● இஞ்சின் சூட்டிலேயே சமைக்க முடியுமாமே?
– விஞ்ஞான மூளை, பெங்களூரு

முடியும். ‘மேனிஃபோல்ட் டெஸ்டினி’ என்று 1989-ல் புத்தகமே வந்தது. அலுமினியத் தாளில் பல சுற்றுச் சுற்றி இஞ்சின் மேல் பொருத்தி, இத்தனை மைலுக்கு இன்ன பதார்த்தம் என்று கணக்கு. நம்மூர் போக்குவரத்தில் மைலை நம்பாதீர்கள். உங்கள் ஊர் சில்க் போர்டு சந்திப்பில் நின்றால் கருகிவிடும்.

● குலுங்குகிற வண்டியில் தயிர் வெண்ணெயாகிவிடாதா?
– மோர் வியாபாரி மகன், ஈரோடு

அதையே வேலையாக வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஆரிகான் நோக்கி மாட்டு வண்டியில் போன குடும்பங்கள், காலையில் பாலேட்டைக் கலயத்தில் விட்டு வண்டியில் தொங்கவிட்டால் மாலைக்குள் வெண்ணெய். இன்றைய அமெரிக்க நெடுஞ்சாலையில் அது நடக்காது. நம் ஊர்ச் சில சாலைகளில் நெய்யாகவே இறக்கலாம்.

● மோட்டார் ஹோம் வெள்ளைக்காரன் மூளை. நமக்கு இதில் பாத்தியதை ஏது?
– தாழ்வு மனப்பான்மை, மயிலாடுதுறை

மோட்டார் அவன் மூளை, மறுக்கவில்லை. 1910-லேயே நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் ஒரு வண்டி காட்டியது: பின் இருக்கை படுக்கையாகும், மடக்கும் கைகழுவு தொட்டி உண்டு, ஓட்டுநரிடம் பேச ஃபோன்கூட உண்டு.

ஆனால் ‘ஹோம்’ பழசு. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையைப் பிரித்துப் பாருங்கள். உப்பு விற்கும் உமணர் குடும்பங்கள் மாட்டு வண்டிகளில் ஊர் ஊராகப் போகிறார்கள். பிள்ளையோடு இருக்கும் பெண்தான் மாட்டை ஓட்டுகிறாள். வண்டியில் கோழி அடையும் கூடு. தொங்கவிட்ட சின்ன உரல். முகப்பில் கயிறு கட்டிய காடிப் பானை. முட்டை, மிக்சி, ஊறுகாய் மூன்றும் ஆயிற்றா? உரலுக்கு வோல்ட் தொல்லையும் இல்லை, ராலே சட்னிப் பிரியை கவனிக்கவும்.

● இந்தியாவில் இந்த வண்டியில் போக முடியாதா?
– உள்ளூர்வாசி, தேனி

உங்களுக்குப் பக்கத்து மலைதானே? 2021-ல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது; வாகமண்ணில் வண்டிகள் நிற்க இடமும் வந்தது. கப்பையும் கட்டன் சாயாவும் அங்கேயே கிடைக்கும். சமைக்காமலே ஆரோக்கியம்.

● பிள்ளைகள் காய் சாப்பிடவே மாட்டேன் என்கிறார்கள்.
– தாய், இர்வைன்

அடுத்த கடை எண்பது மைல் தள்ளி இருக்கும் பாலைவனத்தில் நிறுத்திப் பாருங்கள். நெவாடா இதற்கு நல்ல மாநிலம்.

● கடைசியாக ஒன்று. நாமே சமைப்பதால் செலவு மிச்சம்தானே? ஒரு மோட்டார் ஹோம் வாங்கிவிடட்டுமா?
– கையில் கொஞ்சம் காசு சேர்ந்தவர், ஃபிலடெல்ஃபியா

பெரிய வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஓட்டலில் தோசைக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த டாலரை அது எண்ணெயாகக் குடித்துவிடும். மேலே முகாம் வாடகை, இன்சூரன்ஸ், குளிர்காலத்தில் நிறுத்த இடம். ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுங்கள். ஏழு நாளும் நீங்களே சமைத்து, நீங்களே கழுவி, கழிவுநீர்த் தொட்டியையும் நீங்களே காலி செய்யுங்கள். எட்டாம் நாளும் ஆசை மிச்சமிருந்தால் எனக்கு எழுதுங்கள். உடம்புக்கு நல்ல சாப்பாடு மட்டும்தான் வேண்டுமென்றால், உங்கள் காரின் பின்பக்கம் ஒரு குக்கர், ஓர் ஐஸ் பெட்டி, ஓர் ஒற்றை அடுப்பு போதும். வண்டி வாங்காதீர்கள்.